சத்தத்தைக் கூட்டாத, பாப்பா

என் தாய்மாமாவுக்கு 75 வயது நிறைந்தபோது வீட்டிலேயே ஒரு பாட்டுக் கச்சேரி வைக்கலாம் என்று முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். எங்கள் குடும்பத்தில் யோசனை சொன்னவர் தலையில்தான் வேலையும் விழும். தெரிந்தேதான் திறந்தேன்.

மாமா கடலூர் முதுநகரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். வால்வு ரேடியோ காலத்தில் தொழில் கற்று, டிரான்சிஸ்டர், டேப் ரிக்கார்டர், திருவிழா ஆம்ப்ளிஃபயர் என்று வந்ததையெல்லாம் பிரித்துப் பார்த்தவர். சாயங்காலமானால் கடை வாசலில் இலங்கை வானொலி பாடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கடைப் பலகையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். ஈயம் உருகுகிற வாடை எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் கூடவே ஒரு பாட்டு வரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதில் கடையின் தகரக் கூரை போனது. அலமாரியில் இருந்த ரேடியோ பெட்டிகள் எல்லாம் ஊறிப் பிளந்துவிட்டன. "இனிமே யாரு ரேடியோவை ரிப்பேர் பண்றா" என்று மாமா அதோடு கடையைக் கட்டிவிட்டார்.

இப்போது மாமாவுக்குக் காது மந்தம். இரண்டு காதிலும் மெஷின். அதனால் கச்சேரி என்றதும் வீட்டில் சிரித்தார்கள். "காது கேக்காத மனுஷனுக்குப் பாட்டுக் கச்சேரியா? அப்ப நல்லா சத்தமா வைக்கச் சொல்லு" என்றார் அத்தை. பெங்களூரில் இருக்கிற மாமா பையன் போனில் ஒரு படி மேலே போனான். புதுச்சேரியில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் ஹால் எடுத்து, மேடை போட்டு, ஆளுயரத்துக்குப் பாக்ஸ் அடுக்கிவிடலாம், அப்பாவுக்குக் கேட்டே ஆக வேண்டும் என்றான். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லையா, கூட்டு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது என்று சொன்னவர் காது பரிசோதிக்கிற பெண். மெஷினைச் சுத்தம் செய்யக் கொடுக்கப் போன இடத்தில், பிறந்தநாள் கச்சேரி விஷயத்தைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் மாமாவின் காதுப் பரிசோதனை வரைபடத்தைத் திரையில் காட்டினார். இடது பக்கம், அதாவது கனமான ஒலிகள் இருக்கிற பக்கம், கோடு ஓரளவு மேலே நிற்கிறது. வலது பக்கம் போகப்போகச் சறுக்குமரம் மாதிரி இறங்குகிறது. வயதானால் மெல்லிய கீச்சொலிகள்தான் முதலில் போகுமாம். ச, ஸ, க, ப போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற ஒலியெல்லாம் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருப்பதால், பாடுவது கேட்கும், என்ன வார்த்தை என்பது புரியாது. சத்தத்தைக் கூட்டினால் கனமான ஒலிதான் இன்னும் பெரிதாகி மிச்சத்தையும் மூடும். அதைவிட முக்கியமாக ஒன்று சொன்னார். காது கேட்கத் தொடங்குகிற அளவு உயர்ந்துவிட்டாலும், தாங்க முடியாமல் போகிற அளவு அப்படியே இருக்கும். நமக்கு நடுவில் பெரிய மைதானம். மாமாவுக்கு ஒரு சந்து. கொஞ்சம் குறைந்தால் கேட்காது, கொஞ்சம் கூடினால் வலிக்கும்.

இதையெல்லாம் எப்படி மாமாவுக்குச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் திரையைப் பார்த்தபடியே, கீச்சொலிக்கான ஸ்பீக்கர், கனமான ஒலிக்கான ஸ்பீக்கர் என்று தன் கடைப் பாஷையில் சொன்னார்: "ட்வீட்டர் போயிடுச்சு. ஊஃபர் இருக்கு. அவ்ளோதான பாப்பா?"

எனக்கு 46 வயது. மாமாவுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அன்றைக்கே ஓட்டல் ஹால் திட்டம் என் மனதில் செத்துவிட்டது. நாலு பக்கமும் கண்ணாடியும் டைல்ஸும் உள்ள ஹாலில் பேசினாலே எதிரொலிக்கும், அதில் மெஷின் போட்ட காதுக்கு எல்லாம் குழம்பாகத்தான் வந்து சேரும். மாமா பையனுக்கு இதைப் புரியவைக்க மூன்று போன் கால் ஆனது. கடைசியில் ஹால் வாடகையைக் கேட்டதும் தானாகவே புரிந்துகொண்டான்.

ஆக, முதுநகர் வீட்டின் பின்கட்டு. நடுவில் ஒரு வேம்பு, ஓரத்தில் கிணறு, ஐம்பது அறுபது பேர் தாராளமாக உட்காரலாம். மாசி மாதம் என்பதால் மழை பயமில்லை. மாமாவின் பிறந்த தேதியே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது யாரோ எழுதிவிட்டதுதான். அது ஐப்பசியில் விழாமல் மாசியில் விழுந்ததற்கு அந்த வாத்தியாரைக் கும்பிட வேண்டும்.

அடுத்தது குழு தேடுவது. இங்கேதான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். இன்றைக்கு "லைவ் ஆர்கெஸ்ட்ரா" என்று சொல்லிக்கொள்பவர்களில் பாதிப்பேர் ஒரு லேப்டாப்பும் இரண்டு பாடகர்களும்தான். பாட்டின் இசையெல்லாம் பதிவு செய்த டிராக்காக ஓடும், மேலே இவர்கள் பாடுவார்கள். பின்னால் கீபோர்டு இருக்கும், விரலும் அசையும், ஒலி லேப்டாப்பிலிருந்து வரும். அது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. செலவு குறைவு, சினிமாவில் கேட்டது அப்படியே கேட்கும், பிழை வராது. ஆனால் டிராக் யாருக்காகவும் நிற்காது. பெரியம்மா ஒருவர் நடுவில் எழுந்து வந்து "அந்தச் சரணத்தை இன்னொரு தடவை பாடுங்க" என்றால் டிராக்குக்குக் காது இல்லை. வீட்டு விசேஷத்தில் அப்படி யாராவது கேட்காமல் இருப்பார்களா? அதனால் போனில் நான் கேட்ட முதல் கேள்வியே "எத்தனை பேர் வாசிப்பாங்க?" என்பதுதான். பாடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் ஏமாந்துவிடுவோம்.

கடைசியில் கிடைத்த குழு கடலூர்ப் பக்கத்து மெல்லிசைக் குழு. தலைவர் ஐம்பதைத் தாண்டியவர், கீபோர்டு வாசிப்பவர். முதலில் 12 பேர் என்றார், 85,000 ரூபாய் என்றார். இரண்டு கீபோர்டு, பேஸ் கிதார், லீட் கிதார், டிரம்ஸ், தட்டினால் மின்னணுத் தாளம் வருகிற ரிதம் பேட், தபலா, டோலக், புல்லாங்குழல், மூன்று பாடகர்கள். கல்யாண மண்டபத்துக்கு இது சரி. பின்கட்டுக் கிணற்றங்கரைக்கு? டிரம்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் தெரியும், அதற்கு வால்யூம் திருகு கிடையாது. அது வாசிக்கிற சத்தத்துக்கு மேலே மற்ற எல்லோரும் ஏற வேண்டும். கீபோர்டு ஏறும், அதற்கு மேலே குரல் ஏறும், எல்லாவற்றுக்கும் மேலே விருந்தாளிகள் கத்திப் பேசுவார்கள். இந்த ஏணியை அடியிலேயே உருவிவிட வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு இந்தத் தைரியம் வந்ததற்குக் காரணம் நான் இருக்கிற ஊர். புதுச்சேரியில் ஜூன் 21 வந்தால் இசைத் திருநாள் நடக்கும், பிரான்சில் 1982-ல் தொடங்கிய பழக்கம். பெரிய மேடைகளும் இருக்கும். ஆனால் ஒரு வருடம் ஒரு தெருமுனையில் ஒரு கிதார், உட்கார்ந்துகொண்டே கையால் தட்டுகிற ஒரு மரப்பெட்டி, ஒரு குரல், இவ்வளவே வைத்துக்கொண்டு வாசித்தார்கள். நாலடி தூரத்தில் நின்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவரோடு சாதாரணக் குரலில் பேசவும் முடிந்தது, பாட்டும் முழுசாகக் கேட்டது. என் தலையில் இருந்த கச்சேரி அதுதான், பாட்டு மட்டும் நம் பாட்டு.

தலைவரிடம் சொன்னேன்: டிரம்ஸ் வேண்டாம், பேட் வேண்டாம், பேஸ் வேண்டாம். ஒரு கீபோர்டு, தபலா, புல்லாங்குழல், ஒரு சாதா கிதார், ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பேடு இல்லாம ஆர்கெஸ்ட்ராவா மேடம்? பார்ட்டி எழும்பவே எழும்பாதே" என்றார். "எழும்ப வேண்டாம் சார், உக்காந்திருந்தா போதும்" என்றேன். சிரித்துவிட்டார். ஆறு பேருக்கு 36,000, மைக்செட் தனியாக 9,000 என்று முடிந்தது. பேட் வாசிக்கிற பையனுக்கு வருத்தம் என்று பிறகு கேள்விப்பட்டேன். வருத்தம் நியாயம்தான், அந்த ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம் அவனுக்குப் போயிற்று. சாப்பிடவாவது வரச் சொல்லுங்கள் என்றேன், வந்தான். அவன் வந்தது எவ்வளவு நல்லது என்பது பின்னால் வரும்.

சட்டம் பற்றியும் கொஞ்சம் படித்தேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. சொந்த வீட்டில் வைக்கிற ஒலிபெருக்கி, வீட்டு எல்லையில் நின்று அளந்தால், அந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அப்படியானால் மதிலோரம் 60. போனில் ஒரு அளவைச் செயலியை இறக்கி, சும்மா எங்கள் தெருவை அளந்து பார்த்தேன். மீன்காரர் வண்டி ஹாரனே அதைத் தாண்டிவிட்டது. எண்ணை மறந்துவிட்டு மணியை மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்: பத்து என்றால் பத்து, அதன் பிறகு பாக்ஸில் ஒரு சொல் வராது. காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்தோம். அதைவிடப் பயன்பட்டது, முந்தின நாள் அத்தையும் நானும் பக்கத்து எட்டு வீடுகளுக்கும் போய் "நாளைக்குச் சாயங்காலம் பாட்டு இருக்கு, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டது. கூப்பிடாமல் விட்ட வீட்டிலிருந்துதான் புகார் வரும். மேற்குப் பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பெண் இருந்தாள். கடற்காற்று கிழக்கிலிருந்து வருவதால் சத்தத்தை அந்தப் பக்கம்தான் தூக்கிப்போகும். பாக்ஸ் இரண்டையும் திருப்பி, மேற்கு மதிலுக்கு முதுகு காட்டி, கிணற்றைப் பார்த்து வைத்தோம்.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். இந்தக் கணக்கைச் சொன்னவர் மாமா. பிறந்தநாள்காரருக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று ரகசியமாக வைத்திருந்தேன். பந்தல்காரர் வந்து குழி தோண்டினால் யாருக்குத்தான் தெரியாது? தெரிந்ததும் மாமா நாற்காலியை எடுத்துப்போய்ப் பின்கட்டில் போட்டுக்கொண்டு மேஸ்திரி ஆகிவிட்டார். "மேடை எதுக்கு? தரையில ஜமுக்காளத்தைப் போடு. என் நாற்காலி ரெண்டு மீட்டர்ல இருக்கட்டும். எனக்கு எண்பது வந்தா கடைசி வரிசைக்கு அறுபத்தெட்டு வரும், போதும்." எட்டு மீட்டரில் கடைசி வரிசை. நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

கச்சேரி அன்று ஐந்து மணிக்கு வர வேண்டிய குழு ஆறு மணிக்கு வந்தது. தபலாக்காரரும் புல்லாங்குழல்காரரும் புதுச்சேரிப் பக்கம். எல்லையில் வண்டியை நிறுத்தி, பிறந்தநாள் கச்சேரிக்குப் போகிறோம் என்றதும், பிறந்தநாள் என்ற சொல்லைக் கேட்டே எல்லாப் பெட்டியையும் திறக்கச் சொல்லிவிட்டார்களாம். தபலாவின் இடது பக்கத்து உலோகப் பானையைத் தூக்கித் தட்டிப் பார்த்து, உள்ளே திரவம் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் விட்டார்கள். சுருதி நல்லாத்தான் இருந்துச்சு என்றார் தபலாக்காரர்.

மைக்செட்காரர் எல்லா வயரையும் ஜெனரேட்டர் போர்டில் கொடுத்திருந்தார். எங்கள் தேவைக்கு 5 கேவிஏ போதும், பந்தல்காரரிடம் இருந்தது 15. மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ. கிதார் தம்பி தன் சின்ன ஆம்ப்ளிஃபயரைப் போட இடமில்லாமல், பின்கட்டுத் தாழ்வாரத்தில் வீட்டு பிளக்கில் செருகிவிட்டான். கோரஸ் பாட மைக்கில் வாயை வைத்தான். "ஆ!" என்று பின்னால் துள்ளினான். "அண்ணே, மைக்ல கரண்ட் வருது."

மைக்செட்காரர் பழக்கப்பட்டவர். கைக்குட்டையை எடுத்து மைக்கில் சுற்றினார். "வாயை ஒட்டாம பாடு தம்பி, ஒண்ணும் ஆகாது."

மாமா எழுந்துவிட்டார். அவருக்கு அந்தப் பேச்சு எதுவும் கேட்டிருக்காது. ஆனால் அவர் பத்து நிமிடமாகவே முகத்தைச் சுளித்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "ம்ம்ம்னு ஒண்ணு ஓடுதே, உங்க யாருக்கும் கேக்கலையா?" என்றார். கூர்ந்து கேட்டேன். கிதார் ஆம்ப்ளிஃபயரிலிருந்து மெல்லிய இரைச்சல், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமல். எங்கள் அறுபது பேரில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஊஃபர் இருக்கிறதே.

"மைக்ல இல்லடா தம்பி, உன் கிதார்லதான் வருது" என்றார். உள்ளே போய்ப் பழைய டெஸ்ட் லாம்பைக் கொண்டுவந்தார். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான் கருவி. வீட்டு பிளக்கில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தார், பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார், சுருட்டு நுனி மாதிரி சிவந்துவிட்டு நின்றது. "எர்த் செத்துப்போச்சு." வீட்டு எர்த் போய்விட்டதால் கிதார் ஆம்ப்ளிஃபயரின் உடம்பில் கசிகிற மின்சாரம் போக வழியில்லாமல் கிதார் கம்பி வரை வந்து நிற்கிறது. மைக் ஜெனரேட்டர் எர்த்தில் இருக்கிறது. கம்பியில் கை, மைக்கில் உதடு. நடுவில் அந்தப் பையன்தான் வயர்.

"எல்லாத்தையும் ஒரே போர்டுல இருந்து எடு. ஒரே எர்த்து. கைக்குட்டை எல்லாம் கட்டாத" என்று மைக்செட்காரரிடம் சொன்னார் மாமா. அவருக்கு முதலில் முகம் கொஞ்சம் கோணியது. வயரை மாற்றியதும் உறுமலும் நின்று அதிர்ச்சியும் நின்றதைப் பார்த்து, "ஐயா எந்த லைன்ல இருந்தீங்க?" என்று கேட்டார். அதற்கப்புறம் அந்த இருவரும் ஒரு கட்சி. (எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் பிளக்கில் செருகுகிற வேலையை யாராவது உங்கள் வீட்டு விசேஷத்தில் செய்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். டெஸ்ட் லாம்ப் வேலையும் தெரிந்தவர்களுக்கு மட்டும். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடுகிற ஆர்சிசிபி அன்றைக்கு எங்கள் வீட்டில் இல்லை, இப்போது இருக்கிறது.)

ஏழேகாலுக்குத் தொடங்கியது. முதல் இரண்டு பாட்டுக்கும் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்பது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினர் ஒருவர் "பெரியவருக்குக் கேக்கல, கூட்டச் சொல்லு" என்று என் காதைக் கடித்தார். நானும் எழுந்தேன். மாமா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "சத்தத்தைக் கூட்டாத, பாப்பா. கீழ வெட்டச் சொல்லு. நடுவுல ரெண்டாயிரம், மூவாயிரத்துல கொஞ்சம் ஏத்தச் சொல்லு. குரலுக்கு மட்டும்." மைக்செட்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் மிக்ஸரில் இரண்டு திருகைத் தொட்டார். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாமா பாடகியின் வாயைப் பார்த்துக்கொண்டே வார்த்தைக்கு வார்த்தை உதட்டை அசைக்கத் தொடங்கினார்.

புல்லாங்குழலில்தான் சிக்கல் வந்தது. நீளமாக ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தும்போதெல்லாம், "ஏன் நடுங்குது? ஊதறவருக்கு மூச்சு இல்லையா?" என்று கேட்டார். எங்கள் காதுக்கு அது கம்பி மாதிரி நேராக வந்துகொண்டிருந்தது. நடுங்கியது மெஷின். காது மெஷினே கீச்சென்று கத்தாமல் இருக்க உள்ளே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். அது விசில் மாதிரி ஒரே சீராக வருகிற எந்த ஒலியையும் தன் கத்தலென்று நினைத்து அமுக்கப் பார்க்கும். புல்லாங்குழலின் நீண்ட சுரமும் அதற்கு அப்படித்தான் தெரியும். பேச்சுக்காகச் செய்த கருவியிடம் இசையைக் கொடுத்தால் வருகிற தகராறு. இசைக்கென்று தனியாக ஒரு அமைப்பைப் பரிசோதனைப் பெண் போட்டுக் கொடுத்திருந்தார். பட்டனை இரண்டு முறை அழுத்த வேண்டும். பரபரப்பில் இருவருமே மறந்துவிட்டோம். அழுத்தியதும், "ம், இப்ப மூச்சு வந்துடுச்சு" என்றார் மாமா. பாவம், அந்தப் புல்லாங்குழல்காரர்.

கேக் எட்டரைக்கு. மெழுகுவர்த்தி கடற்காற்றில் நிற்கவே இல்லை, அதனால் ஊதி அணைக்கிற கட்டத்தைத் தாண்டிப் போனோம். பிறந்தநாள் வாழ்த்தை அறுபது பேரும் ஆளுக்கொரு சுருதியில் தொடங்கினார்கள். அது 1893 வாக்கில் அமெரிக்காவில் கென்டக்கியைச் சேர்ந்த இரண்டு சகோதரிகள் பள்ளிக் குழந்தைகளுக்குப் போட்ட காலை வணக்க மெட்டு, மூன்று மூன்றாக நடக்கிற நடை. நம் ஆட்கள் அதற்கு இரண்டு இரண்டாகக் கைதட்டுவார்கள். கைதட்டு ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போகும்போது தபலாக்காரர் திஸ்ரத்தில், அதாவது மூன்று மூன்றாக, ஒரு சின்ன உருட்டுக் கொடுத்து எல்லோரையும் இழுத்துப் பிடித்தார். டிராக்காக இருந்தால் அது எங்களை விட்டுவிட்டு முடிந்து போயிருக்கும்.

அப்புறம் அத்தை பாடினார். இது யாரும் திட்டமிடாதது. சின்ன வயதில் கொலுவுக்குப் பாடியதோடு சரி. மாமா பையனின் மனைவி கையைப் பிடித்து இழுத்துவந்து மைக் முன்னால் நிறுத்திவிட்டாள். கீபோர்டுக்காரர், "எத்தனை கட்டைம்மா?" என்று சுருதியைக் கேட்டார். அத்தை முழித்தார். "சும்மா பாடுங்க, நான் புடிச்சுக்கறேன்." அத்தை கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். இரண்டாவது வார்த்தைக்குள் அவர் டிரான்ஸ்போஸ் பட்டனை நாலு தட்டுத் தட்டி ஐந்து கட்டைக்கு வந்து சேர்ந்துவிட்டார். சரணத்தில் அத்தை தாளத்தை விட்டுவிட்டு ஓடினார். தபலா கூடவே ஓடியது. வரி மறந்து நின்றார், எல்லோரும் நின்றார்கள். மறுபடி ஞாபகம் வந்து எடுத்தார், எல்லோரும் எடுத்தார்கள். பேட் வாசிக்கிற பையன் சாப்பாட்டு மேசையில் இரண்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். தபலாக்காரர் சாப்பிட எழுந்தபோது அவனை உட்காரச் சொன்னார்கள். ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நாலு பாட்டு வாசித்தான். அன்றைக்குக் குழந்தைகள் ஆடியது அந்த நாலு பாட்டுக்கு மட்டும்தான். தலைவர் சொன்னது முழுக்கத் தப்பில்லை.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக இருந்தது, வடை சீக்கிரம் தீர்ந்துவிட்டது. ஒன்று மட்டும்: குழுவுக்கு முதலில் சாப்பாடு போடுங்கள், அல்லது நடுவில் அரைமணி விடுங்கள். எல்லா விருந்தாளிகளும் சாப்பிட்டு முடித்த பிறகு ஆறிப்போன சாம்பாரை இசைக்காரர்களுக்குக் கொடுப்பது நம் ஊர் வழக்கமாகவே இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது.

பத்து மணிக்கு மைக்செட்காரரே மெயினை இறக்கிவிட்டார். கூட்டம் கலைந்து இருபது பேர் இருந்தோம். ஜெனரேட்டர் மட்டும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. "அதையும் நிறுத்து" என்றார் மாமா. நின்றதும் பின்கட்டு முழுக்கத் தவளைச் சத்தமும் தூரத்துக் கடலும் வந்து நிரம்பின. அவருக்கு அதில் எது கேட்டதோ தெரியாது. வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த பாடகி, மாமா கேட்டதால், அவர் நாற்காலிப் பக்கத்தில் ஜமுக்காளத்திலேயே உட்கார்ந்து, மைக் இல்லாமல், வாத்தியம் இல்லாமல் ஒரு பழைய பாட்டை மெதுவாகப் பாடினாள். மாமா குனிந்து, காதை அவள் பக்கம் கொடுத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். முடிந்ததும் நாங்கள் எல்லோரும் அவர் என்ன சொல்வாரோ என்று பார்த்தோம். மாமா பையன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"கடைசியில அரைக் கட்டை எறங்கிடுச்சும்மா" என்றார் மாமா.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆமாங்கய்யா. கீபோர்டு இல்லாம பாடினா எறங்கிடும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பிவிட்டார். கையில் கடப்பாரை. இருவருமாகப் பின்கட்டு ஓரத்தில் எர்த் குழியைத் தோண்டினோம். இடுப்பளவு ஆழத்தில் இரும்புக் குழாய் தட்டுப்பட்டது. உப்புக்காற்றும் உப்புத்தண்ணீரும் தின்று, கையில் எடுத்ததும் மக்கிய அப்பளம் மாதிரி செதில் செதிலாகப் பெயர்ந்தது. மாமா ஒரு துண்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதை உன் மச்சானுக்குப் போட்டோ எடுத்து அனுப்பு. நாலு பாக்ஸ் வெக்கணும்னு சொன்னானே."

அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

"இன்னா சொல்றான்?" என்றார் மாமா.

"புதுக் குழாய் வாங்கச் சொல்றான் மாமா."

"குழாய் வேணாம். செம்புத் தகடு போடலாம்" என்று குழிக்குள் இறங்கிவிட்டார்.